கள்ளக் கை பட்ட கணினி

கணினி திறக்கச் சற்றுத் தாமதமானாலும், திரையின் ஓரத்தில் அறிமுகமில்லாத விளம்பரம் ஒன்று தலைகாட்டினாலும், 'வைரஸ் வந்துவிட்டது' என்று தாமே தீர்மானித்து அதைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டுவிடுகிறவர்கள் ஒரு சாரார். வங்கிக் கணக்கில் பணம் குறைந்த பிறகும், தம் பெயரால் நண்பர்களுக்கெல்லாம் விபரீதமான மின்னஞ்சல்கள் சென்ற பிறகும், 'ஆன்டி-வைரஸ்தான் இருக்கிறதே' என்ற நம்பிக்கையில் அதே கணினியில் அதே கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டு நிச்சிந்தையாக இருப்பவர்கள் மற்றொரு சாரார். தீங்கு செய்யும் நிரல் ஒன்று கணினிக்குள் புகுந்தால் அது எதைத் தொடுகிறது, எதை மாற்றுகிறது, எங்கே ஒளிந்துகொள்கிறது என்பதை யாரும் நிதானமாக எடுத்துச் சொல்லாத குறையினாலேயே முன்னவர்க்கு வீண் பயமும் பின்னவர்க்கு வீண் தைரியமும் உண்டாகின்றன.

ஆகவே முதலில் சந்தேகத்தையே சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டும். கணினி மெதுவாக ஓடுவது மட்டும் தீநிரலுக்கு லட்சணம் ஆகாது. பல ஆண்டுகள் உழைத்த ஹார்டு டிஸ்க் தேய்ந்திருக்கலாம். விசிறியில் தூசு அடைத்துச் சூடு ஏறியிருக்கலாம். விண்டோஸ் தனக்கு வேண்டிய அப்டேட்டுகளைத் திரைமறைவில் இறக்கிக்கொண்டிருக்கலாம். திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது' என்று ஓயாமல் எழும்பும் அறிவிப்புகளில் பல, என்றோ ஒரு நாள் சினிமாவையோ பாட்டையோ தேடிப் போன இடத்தில், அறிவிப்பு அனுப்பலாமா என்று ஒரு தளம் கேட்டபோது யோசியாமல் 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்திவிட்டதன் பலனேயன்றி வேறல்ல; பிரவுசரின் அமைப்புகளுக்குள் சென்று அந்த அனுமதியை ரத்துச் செய்தால் கூச்சல் அப்போதே அடங்கிவிடும். திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, அபாயச் சங்கும் ஊதி, 'உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று மிரட்டும் பக்கமும் வெறும் இணையப் பக்கந்தான். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருப்பதில்லை என்று அந்நிறுவனமே பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. ஆல்ட் விசையையும் எஃப்4 விசையையும் சேர்த்து அழுத்தி அப்பக்கத்தை மூடிவிட்டால் காரியம் முடிந்தது. அந்த எண்ணை அழைத்து, எதிர்முனையில் இருப்பவன் சொல்கிறபடி எனிடெஸ்க் போன்ற தொலைவியக்கச் செயலி ஒன்றை இறக்கி, அதன் இலக்கத்தையும் அவனுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் உண்மையான அபாயம் தொடங்குகிறது.

மெய்யாகவே கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. ஆன்டி-வைரஸ் தானாகவே அணைந்துபோய், மீண்டும் போட முயன்றால் இணங்காதிருத்தல். பிரவுசரின் முகப்புப் பக்கமும் தேடுபொறியும் நாம் மாற்றாமலே மாறியிருப்பதும், திருத்தினாலும் மறுநாள் பழையபடி திரும்பிவிடுவதும். நாம் உண்டாக்காத பயனர் கணக்கு ஒன்று நிர்வாகி அதிகாரத்தோடு முளைத்திருத்தல். நாம் போகாத ஊரிலிருந்து நம் மின்னஞ்சலுக்குள் யாரோ நுழைந்ததாக அறிவிப்பு வருதல். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அலட்சியம் கூடாது. இத்தனையும் இல்லாமலே கணினி கெட்டிருக்கவும் கூடும் என்பதுதான் இந்த விஷயத்தின் கசப்பான பகுதி. அதற்கு எஸ்தோனியா தேசத்தில் உருவான ஒரு மோசடியைக் காட்டிலும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நாம் ஒரு தளத்தின் பெயரைப் பிரவுசரில் தட்டும்போது, கணினி அந்தப் பெயரை அப்படியே கொண்டுபோய் எவரையும் அழைப்பதில்லை, டி.என்.எஸ். எனப்படும் பெயரேட்டுச் சர்வர் ஒன்றைக் கேட்டு, அந்தப் பெயருக்குரிய இலக்க முகவரியைப் பெற்று, அந்த முகவரிக்கே செல்கிறது. எந்தச் சர்வரைக் கேட்க வேண்டும் என்பது கணினியின் அமைப்புகளில் இரண்டொரு எண்களாக எழுதி வைக்கப்பட்டிருக்கும். 2007-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுக்காலம், எஸ்தோனியாவைச் சேர்ந்த ஒரு கூட்டத்தார், வீடியோ பார்ப்பதற்கு அவசியமான துணைநிரல் என்று சொல்லிப் பரப்பிய டி.என்.எஸ்.சேஞ்சர் என்ற தீநிரலைக் கொண்டு அந்த எண்களை மட்டும் மாற்றித் தங்களுடைய சர்வர்களைச் சுட்டும்படி செய்துவிட்டார்கள். அதன் பிறகு ஐட்யூன்ஸ் பக்கத்துக்குப் போக விரும்பியவர் சம்பந்தமில்லாத ஒரு விற்பனைத் தளத்தில் போய் நின்றார்; அமெரிக்க வருமான வரித் துறையின் தளத்தைத் தேடியவர் வரிக் கணக்குத் தயாரித்துக் கொடுக்கும் தனியார் நிறுவனத்தின் வாசலுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்; நியாயமாக ஒரு பக்கத்தில் வர வேண்டிய விளம்பரத்தின் இடத்தில் இவர்களுடைய விளம்பரம் உட்கார்ந்து கொண்டது. ஒவ்வொரு கிளிக்குக்கும் கிடைத்த கமிஷன் சிறுகச் சிறுகச் சேர்ந்து 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் ஆயிற்று என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கணக்கிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகள் இவ்வாறு வழிமாறியிருந்தன. நாசாவின் கணினிகளும் அவற்றில் அடக்கம்.

2011 நவம்பரில் எஸ்தோனியப் போலீசார் அறுவரைக் கைது செய்தபோது அதிகாரிகளுக்கு ஒரு விசித்திரமான தர்மசங்கடம் நேர்ந்தது. அந்தத் திருட்டுச் சர்வர்களை அப்படியே நிறுத்திவிட்டால், அவற்றையே நம்பியிருந்த லட்சக்கணக்கான அப்பாவிகளின் கணினிகள் எந்தத் தளத்துக்கும் வழி தெரியாமல் தவித்துப் போகும். ஆகவே நீதிமன்ற அனுமதி பெற்று, ஐ.எஸ்.சி. என்ற லாபநோக்கமற்ற ஸ்தாபனத்தைக் கொண்டு அவற்றுக்குப் பதிலாக நேர்மையான சர்வர்களை நிறுவி, மக்கள் தங்கள் கணினிகளைச் சுத்தம் செய்துகொள்ளட்டும் என்று அவகாசம் கொடுத்தார்கள். முதலில் கொடுத்த தவணை போதாமல் 2012 ஜூலை 9 வரை அது நீட்டிக்கப்பட்டது. எட்டு மாதங்கள் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் எச்சரித்தும்கூட, அந்தக் கடைசி நாளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் பழைய நிலையிலேயே இருந்தன. தங்கள் கணினியில் ஏதேனும் குறை இருப்பதாக அவற்றின் சொந்தக்காரர்களுக்குத் தோன்றவே இல்லை.

இந்தச் சம்பவத்தில் நான் பிரதானமாகக் கருதுவது ஒன்று உண்டு. தீநிரல் என்பது வேறு, அது செய்துவிட்டுப் போகும் மாற்றம் வேறு. ஆன்டி-வைரஸ் அந்த நிரலைப் பிடித்து அழித்துவிட்ட பிறகும் அது மாற்றி எழுதிய எண்கள் அங்கேயே இருக்கலாம். 'அச்சுறுத்தல் நீக்கப்பட்டது' என்ற பச்சை அடையாளத்தைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டவர் மறுநிமிஷம் திருடன் காட்டிய வழியிலேயே நடந்துகொண்டிருப்பார்.

இதைவிட ஆழமான சிக்கலும் உண்டு. கள்வன் காவற்காரனையே தன்வசப்படுத்திக்கொண்ட வீட்டில், இரவில் யாராவது வந்தார்களா என்று அந்தக் காவற்காரனையே விசாரித்துப் பயன் என்ன? 2005-ஆம் ஆண்டு, சோனி பி.எம்.ஜி. நிறுவனம் தன் இசைத்தட்டுகளைப் பிரதியெடுப்பதைத் தடுக்கும் பொருட்டு அவற்றில் சேர்த்திருந்த ஒரு நிரல், வாங்கியவரின் கணினிக்குள் ரகசியமாக இறங்கி, ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரில் தொடங்கும் பெயருடைய எந்தக் கோப்பையும் விண்டோஸின் கண்ணுக்கே தெரியாமல் மறைத்துவிட்டதை மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் வெளிப்படுத்தினார். கோப்புகளின் பட்டியலைக் கேட்டால், மறைக்க வேண்டியவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் கணினி ஒப்பித்தது. சில நாட்களுக்குள் வேறு தீநிரல்காரர்களும் தங்கள் கோப்புகளுக்கு அதே பெயரைச் சூட்டி அதே திரைக்குப் பின்னால் ஒதுங்கத் தொடங்கிவிட்டார்கள். கண்ணியமான ஒரு வியாபார நிறுவனத்தின் நிரலே இவ்வளவு செய்யுமானால் கயவர்களின் நிரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்ஸன், டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய, 1984-இல் அச்சேறிய உரையில், நிரல்களை ஆக்கித் தரும் நிரலுக்குள்ளேயே கள்ளத்தனத்தைப் புகுத்திவிட்டால் மூல எழுத்துகளில் அதன் சுவடே தெரியாதபடி செய்துவிடலாம் என்று நிரூபித்துக் காட்டினார். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது வைரஸா அல்லவா என்று பிழையின்றித் தீர்ப்புச் சொல்லும் நிரல் ஒன்று இருக்கவே முடியாது என்று பிரெட் கோஹன் என்பவர் அதே தசாப்தத்தில் கணித ரீதியாக நிலைநாட்டினார். சந்தேகத்துக்கு ஆளான கணினியின் சுத்தத்தைப் பற்றி அந்தக் கணினியே தரும் சாட்சியம் செல்லாது என்பதே இவற்றின் சாரம். அதனால் இந்தச் சுத்திகரிப்பில் முக்கியமான காரியங்கள் எல்லாம் வெளியிலிருந்துதான் நடக்க வேண்டும்.

முதற்காரியம், இணையத் தொடர்பைத் துண்டிப்பது. கேபிள் இருந்தால் பிடுங்கிவிட வேண்டும்; வை-ஃபை என்றால் அணைத்துவிட வேண்டும். திருடிய தகவலை வெளியே அனுப்பவும், புதிய கட்டளைகளை உள்ளே பெறவும் தீநிரலுக்கு உள்ள மார்க்கம் அதுவே. அடுத்தபடி, பிறிதொரு சாதனத்தில், அதாவது பழுதுபடாத கைப்பேசியிலோ உறவினரின் கணினியிலோ, கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். பீதியில் அந்தச் சந்தேகக் கணினியிலேயே உட்கார்ந்து புதிய கடவுச்சொற்களைத் தட்டுகிறவர், பழைய சாவியைத் திருடியவனுக்குப் புதிய சாவியையும் தம் கையாலேயே கொடுப்பவர் ஆகிறார்.

மாற்றுவதிலும் ஒரு வரிசை உண்டு. வங்கியை விட மின்னஞ்சலுக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று மற்ற எந்தக் கணக்கில் சொன்னாலும் அதை மீட்கும் கடிதம் வந்து சேருமிடம் மின்னஞ்சல்தான் அல்லவா? அதன் அமைப்புகளில், நமக்கு வரும் கடிதங்களை வேறு முகவரிக்கு நகல் அனுப்பும் விதி எதையாவது யாரேனும் எழுதி வைத்திருக்கிறார்களா என்றும், மீட்புக்குரிய தொலைபேசி எண் நம்முடையதுதானா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதோடு, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற கட்டளையையும் தவறாமல் கொடுக்க வேண்டும். இது பலருக்கும் தெரியாத அம்சம். ஒரு முறை உள்ளே நுழைந்த பிறகு தளம் நம்மை மீண்டும் மீண்டும் விசாரிக்காமல் இருப்பதற்காக, குக்கி என்ற சிறு அடையாளச் சீட்டு ஒன்றைப் பிரவுசரில் வைத்துக்கொள்கிறது. இக்காலத்துத் தீநிரல்களில் ஒரு வகை அந்தச் சீட்டையே பிரதியெடுத்துக்கொண்டு போய்விடுவதால், கடவுச்சொல்லும் கேளாமல், ஓ.டி.பி.யும் கேளாமல், திருடன் நம் பெயரால் உள்ளே உலவ முடிகிறது. லும்மா என்ற அத்தகைய திருட்டு நிரல் 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடு வரையிலான இரண்டே மாதங்களில் 3,94,000-க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் புகுந்திருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது. வெளியேற்றும் கட்டளை கொடுத்தால் அந்தச் சீட்டுகள் செல்லாக்காசாகிவிடும்.

இனி கணினிக்கு வருவோம். புகைப்படங்கள், கடிதங்கள், கணக்குகள் முதலிய சொந்தக் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் பிரதியெடுத்துக்கொள்வது நலம். நிரல்களையும், அவற்றை நிறுவும் கோப்புகளையும், எங்கிருந்தோ இறக்கிய ஜிப் கோப்புகளையும் அதில் சேர்க்கக் கூடாது. கோப்புகளே பூட்டப்பட்டு மீட்புப் பணம் கேட்கப்படும் நிலையானால், பணத்தைக் கட்டிவிடுவதற்கு முன், யூரோபோலும் நெதர்லாந்துப் போலீசாரும் வேறு சிலரும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற ஏற்பாட்டில் அந்த வகைப் பூட்டுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விண்டோஸுடன் கூடவே வரும் டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒரு வசதி இருக்கிறது. சாதாரணச் சோதனையை விட இதையே நான் பெரிதும் சிபாரிசு செய்வேன். காரணம், இது கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் விழித்தெழுவதற்கு முன்பே, அதாவது அதனுள் ஒளிந்திருக்கும் நிரலும் விழித்தெழுவதற்கு முன்பே, வட்டைச் சோதித்துவிடுகிறது. கால் மணி நேரம் பிடிக்கும். இரண்டு மூன்று ஆன்டி-வைரஸ்களை ஒருங்கே நிறுவிக்கொள்வதால் பாதுகாப்பு பெருகுவதில்லை. அவை ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியைத்தான் திணறடிக்கும்.

நிரல் பிடிபட்ட பிறகு, அது விட்டுச்சென்ற மாற்றங்களைத் தேடுவது அடுத்த வேலை. கணினி திறக்கும்போது தாமாகத் தொடங்கும் செயலிகளின் பட்டியல், குறித்த நேரத்தில் வேலைகளை ஏவும் டாஸ்க் ஷெட்யூலர், பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருக்கும் எக்ஸ்டென்ஷன்கள், இணையத் தொடர்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் பிராக்ஸி அமைப்பு, முன்பு சொன்ன டி.என்.எஸ். எண்கள் ஆகியவை தீநிரல்களுக்கு மிகவும் உவப்பான இடங்கள். விண்டோஸ் கோப்புறையினுள் சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈ.டி.சி. என்று உள்ளுக்குள் சென்றால் ஹோஸ்ட்ஸ் என்ற சிறு எழுத்துக் கோப்பு ஒன்று தென்படும். வீட்டுக் கணினியில் அதன் வரிகள் எல்லாம் வழக்கமாக ஹாஷ் குறியோடுதான் தொடங்கும். அந்தக் குறியில்லாமல் வங்கியின் பெயரோ ஆன்டி-வைரஸ் நிறுவனத்தின் பெயரோ ஓர் எண்ணோடு அங்கே எழுதப்பட்டிருந்தால், கள்ளக் கை பட்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை. தாமாகத் தொடங்கும் அனைத்தையும் ஒரே இடத்தில் காட்டும் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியும் உண்டு; மேலே குறிப்பிட்ட ருசினோவிச்சின் கைவண்ணம் அது. ஆனால் அது காட்டும் நூற்றுக்கணக்கான பெயர்களில் எது நல்லது, எது கெட்டது என்று இனங்காணப் பழக்கம் வேண்டும். புரியாத பெயரையெல்லாம் நீக்கிவிட்டுக் கணினியே எழும்பாமல் போனவர்கள் உண்டு.

இத்தனை இடங்களையும் துருவிய பிறகும் ஏதோ ஒன்று மிச்சமிருக்கலாம் என்ற ஐயம் தீராது. தீரவும் முடியாது என்பதைத்தானே கோஹன் நிரூபித்தார்? ஆகவே விளம்பரம் காட்டும் அற்பமான எக்ஸ்டென்ஷன் ஒன்றுதான் வந்தது என்றால் மேற்சொன்னபடி துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். கடவுச்சொல்லோ பணமோ போயிருந்தாலும், அந்நியன் ஒருவன் தொலைவிலிருந்து கணினியை இயக்கியிருந்தாலும், வட்டு முழுவதையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதே உத்தமம். நாள்கணக்கில் தடயம் தேடுவதை விட அதற்குச் சிரமமும் குறைவு. எட்டு ஜி.பி. கொள்ளும் பென் டிரைவ் ஒன்றை, சுத்தமான வேறொரு கணினியில் செருகி, மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்தே நிறுவற்கோப்பை அதில் இறக்கிக்கொள்ள வேண்டும். நம் ஊர்களில் வழக்கமாகச் செய்வதுபோலச் சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடித்துவிட்டு, பழைய செட்டப் கோப்புகளெல்லாம் குவிந்து கிடக்கும் டி டிரைவை அப்படியே விட்டுவிடுவது அரைக்கிணறு தாண்டுவதே. வட்டின் பாகங்கள் அனைத்தையும் அழித்துவிட்டுப் போட வேண்டும். முறைப்படி விண்டோஸ் பெற்ற கணினிகளில் உரிமம் பெரும்பாலும் அந்தக் கணினியின் உறுப்புகளோடு இணைத்தே பதிவாகியிருப்பதால், மீண்டும் விலை கொடுக்க நேராது. தாய்ப்பலகையின் சில்லுக்குள்ளேயே குடியேறி வட்டை மாற்றினாலும் சாகாத தீநிரல்களும் இருக்கின்றன. 2018-இல் ஈஸெட் நிறுவனம் கண்டறிந்த லோஜாக்ஸ் அவ்வகையினது. அரசாங்க அலுவலகங்களைக் குறிவைத்து ஏவப்பட்ட ஆயுதம் அது. குடும்பஸ்தர்கள் அதை எண்ணித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதைக் கடையில் கொடுத்துச் செய்கிறவர்கள் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேட்க வேண்டும்: 'ஒரிஜினலா, கிராக்கா?' சில நூறு ரூபாய்க்கு விண்டோஸும் ஆஃபீஸும் போட்டோஷாப்பும் சேர்த்துப் போட்டுக் கொடுக்கும் இடங்களில், உரிமச் சோதனையை ஏமாற்றும் கள்ள நிரல் ஒன்றை நிறுவுவதற்காக ஆன்டி-வைரஸை அணைப்பது சர்வசாதாரணம். அந்தக் கள்ள நிரலே தீநிரலுக்கு வாகனமாக இருப்பது பலமுறை நிரூபணமான விஷயம். நோயாளியைக் குளிப்பாட்டச் சாக்கடை நீரை மொள்ளும் இந்த வைத்தியத்தைச் சுத்திகரிப்பு என்று சொல்ல நா கூசுகிறது. விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக நின்றுவிட்டன என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். விண்டோஸ் 11-ஐத் தாங்கும் சக்தியில்லாத பழைய கணினியில் லினக்ஸைப் போட்டுக்கொள்வது, கிராக் விண்டோஸைப் போட்டுக்கொள்வதை விட எவ்வளவோ மேல்.

கணினி சுத்தமான பிறகு ரௌட்டரை மறந்துவிடலாகாது. டி.என்.எஸ்.சேஞ்சர் ரௌட்டர்களுக்குள்ளும் புகுந்து எண்களை மாற்ற முயன்றது. தொழிற்சாலையில் கொடுத்த 'அட்மின்' என்ற கடவுச்சொல்லை மாற்றாமல் வைத்திருந்த வீடுகளில் அதற்கு வேலை எளிதாக முடிந்தது. பின்புறத்துத் துளையில் குண்டூசியை அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, புதிய கடவுச்சொல் வைத்து, பிறகே கணினியை அதனோடு இணைக்க வேண்டும். இணைத்ததும் முதல் வேலையாக அப்டேட்டுகளை எல்லாம் முடித்துக்கொண்டு, அன்றாடப் புழக்கத்துக்கு நிர்வாகி அதிகாரமில்லாத சாதாரணக் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. பிரதியெடுத்து வைத்த கோப்புகளை ஒருமுறை சோதித்த பின்பே உள்ளே விட வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு அரசாங்கத்தின் உதவியும் உண்டு. செர்ட்-இன் அமைப்பு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா, தீநிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாகவே வழங்குகிறது. பணம் போயிருந்தால் மட்டும், மேலே சொன்ன வரிசையை ஒரு பக்கம் ஒதுக்கிவையுங்கள். இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். போன பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவி ரொக்கமாக எடுக்கப்படுவதற்குள் அதை முடக்குவதே அந்த ஏற்பாட்டின் நோக்கம் என்பதால், கணினியைச் சுத்தம் செய்வதற்கும் முன்பாக, சந்தேகம் தோன்றிய அந்த நாழிகையிலேயே அழைக்க வேண்டும். கணினி இரண்டு நாள் காத்திருந்தாலும் பாதகமில்லை.